செவலை நக்கிய ஷூ

1

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு மலரில் ‘அயல்நாட்டில் நம்மவர்’ என்று ஒரு பகுதி வருகிறது. அதற்கு எழுதித் தரச் சொல்லி ராஜகனி டீச்சர் போன் செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துபாயிலிருந்து ஒருவர், தோஹாவிலிருந்து ஒருவர், சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர் எழுதுகிறார்களாம்.

“டீச்சர், நான் ஒரகடத்துலல்லா இருக்கேன்” என்றேன்.

“எனக்கு எல்லாம் ஒண்ணுதான், பேச்சி. பொங்கலுக்கு மட்டும் வாறவிய எல்லாருமே அயல்நாடுதான். பிரயோசனமா எதாவது எழுதி அனுப்பு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் டீச்சர் சொன்னது சரிதான். நான் கடல் தாண்டவில்லை, செங்கல்பட்டைத் தாண்டினேன். ஆனால் இங்கே வந்த புதிதில் கடையில் போய் “அண்ணாச்சி, சீனி இருக்கா?” என்று கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பஸ்ஸில் “அங்கன எறங்கணும்” என்றால் கண்டக்டர் இன்னொரு முறை சொல்லச் சொல்வார். வாயைத் திறக்கும் முன் ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அப்போது வந்தது. இன்னும் போகவில்லை. என் வீட்டுக்காரர் சுடலைமணி லாரி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். நான் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறேன். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். மூன்று வயதில் எங்களோடு பஸ் ஏறிய மகள் ஹரிணி இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவளுக்கு நாங்கள் பேசுவதுதான் வெளிநாட்டுப் பாஷை.

பிரயோசனமாக எழுது என்று டீச்சர் சொன்னதால் எங்கள் நாயைப் பற்றி எழுதுகிறேன். நேற்று ஆயுத பூஜை. அது எங்களிடம் வந்து ஒரு வருடம் ஆகிறது. நம் ஊரிலிருந்து வேலைக்கு வருகிற பிள்ளைகள் பலர் தனியாக அறை எடுத்து இருந்துவிட்டு, மனசு கேட்காமல் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு உதவட்டும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறவள். ஆகவே இதில் சந்தோஷத்தைவிட எச்சரிக்கை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

2

போன வருட ஆயுத பூஜைக்கு வீட்டுக்காரரின் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள். குங்குமம் தடவின பூசணித் துண்டை ஒரு குட்டி நக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. உள்ளே வரும் லாரியெல்லாம் அதை ஒட்டியே திரும்புகின்றன. இவர் பார்த்தார், பொரிப் பொட்டலத்தை ஒரு கையிலும் குட்டியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார். வீட்டு வாசலில் இறங்கும்போது அதன் மூஞ்சி முழுக்கக் குங்குமம். ரத்தம் என்று நினைத்து நான் கத்திவிட்டேன்.

செம்மண் நிறம், பெட்டைக் குட்டி. நம் பக்கத்தில் மாட்டுக்குச் சொல்வதுபோல இவர் ‘செவலை’ என்று கூப்பிட்டார். ஹரிணிக்கு அது பிடிக்கவில்லை. “இன்னாப்பா இது, பேரா? என் ஃப்ரெண்ட்ஸ்லாம் சிரிப்பாங்க” என்று சொல்லி ‘கோகோ’ என்று வைத்தாள். இரண்டு பெயருக்கும் அது வாலை ஆட்டியது. சோற்றுத் தட்டின் சத்தத்துக்கு அதைவிட நன்றாக ஆட்டியது.

மாடியில் இருப்பவர் வீட்டு ஓனர் தேவகி அக்கா. கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, வந்த பணத்தில் இந்த வரிசை வீடுகளைக் கட்டினவர். வாய் கொஞ்சம் பெரியது. நாயைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தார்.

“இன்னாம்மா இது? வூட்டுக்கு வர்றப்ப மூணு பேருன்னு தானே சொன்ன?”

“குட்டிதான்க்கா. ஒரு ஓரமா கெடக்கும்.”

“ஓரமா கெடக்கட்டும். மாடிப்படி ஏறக்கூடாது. கோலத்துல ஒண்ணுக்குப் போவக்கூடாது. என் சீரியல் நேரத்துல கொலைக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

மூன்றாவது நிபந்தனையை நாயிடம் எப்படிப் புரியவைப்பது என்று நான் கேட்கவில்லை.

நாய்க்கு லைசென்ஸ் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எனக்குத் தூக்கம் போனது. ஒரு நாள் லீவு போட்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் வீட்டு வரி ரசீது கேட்டார். வாடகை வீடு என்றேன். ஓனரை அழைத்து வரச் சொன்னார். ஆதாரைக் காட்டினேன். அதில் இன்னும் நம் ஊர் முகவரிதான். “தின்னவேலி நாய்க்கு இங்க லைசென்ஸ் கேக்கிறியேம்மா” என்று சிரித்துவிட்டு, “அதெல்லாம் சென்னை கார்ப்பரேஷன்ல தான். இங்க யாரும் கேக்க மாட்டாங்க. ஊசி மட்டும் போட்டு வெச்சிக்கோ” என்று அனுப்பிவிட்டார். யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. தடுப்பூசி அட்டையை ரேஷன் கார்டு உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். கேட்டால் உடனே நீட்டலாம் அல்லவா.

3

இனி பிரயோசனமான விஷயங்கள்.

வெறிநாய்க்கடி ஊசியை வருடம் தவறாமல் போடுங்கள். வீட்டு நாய்தானே, வெளியே போகாதே என்று இருந்துவிடாதீர்கள். பெட்டை என்றால் கருத்தடையும் செய்துவிடுங்கள். செவலைக்குச் செய்தபோது இவர் “பாவம்லா, ஒரு தடவை குட்டி போடட்டுமே” என்றார். “குட்டிகளை நீங்களா வச்சு வளக்கப் போறீய?” என்று கேட்டேன். இந்த ரோட்டில் கண்டெய்னர் லாரிக்கு முன்னால் தள்ளாடி நிற்கும் குட்டிகளைத் தினமும் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியே போதும்.

பாக்கெட் தீனி வாங்கிக் கட்டுப்படியாகாது. தேவையும் இல்லை. கோழிக்கடையில் ஈரல், கழுத்து, காலெல்லாம் சல்லிசாகக் கிடைக்கும். மஞ்சள் மட்டும் போட்டு வேகவைத்து எலும்பை எடுத்துவிட்டுச் சோற்றோடு பிசைந்து கொடுங்கள். கொஞ்சம் பூசணி, கேரட் சேர்க்கலாம். வெங்காயம் கூடாது. நாம் தின்ற பிரியாணி மிச்சத்தைப் பாசத்தில் வைத்துவிடாதீர்கள். பாயசத்தில் கிடக்கும் திராட்சை கூடாது, சாக்லேட் கூடவே கூடாது. வேகவைத்த கோழி எலும்பு தொண்டையில் குத்தும்.

படுக்கை வாங்காதீர்கள். இவருடைய பழைய யூனிஃபார்ம் இரண்டைச் சேர்த்து, உள்ளே கிழிந்த துணிகளைத் திணித்து மெத்தை தைத்தேன். கம்பெனியில் தினமும் மெஷினில் உட்காருகிற எனக்கு அது ஒரு வேலையா? கழுத்துப் பட்டையும் நானே தைத்தேன். அதில் இவர் போட்டுக் கழித்த சேஃப்டி ஜாக்கெட்டிலிருந்து மின்னும் பட்டையை வெட்டி வைத்துத் தைத்திருக்கிறேன். லாரி வெளிச்சம் பட்டால் பளிச்சென்று தெரியும். கயிறு இல்லாமல் எந்த நாயையும் இந்த ரோட்டில் விடாதீர்கள். எவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற நாயாக இருந்தாலும் ஏர் ஹார்ன் அடித்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது.

வெயில் காலத்தில் தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. நம் ஊரில் நாய்க்கு வேப்பமரமும் வாய்க்காலும் இருந்தன. இங்கே தகர ஷீட் நிழலும் நாம் ஊற்றும் தண்ணீரும்தான்.

பெரிய சிக்கல் ஷிஃப்ட். நாய்க்கு நேரம் முக்கியம். சோறு, வெளியே போவது, தூக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தால் அது நிம்மதியாக இருக்கும். நமக்கோ வாரம் ஒரு ஷிஃப்ட். இந்த வாரம் காலையில் போகிறவர் அடுத்த வாரம் காலையில் வருவார். அதற்கு மேல் திடீர் ஓவர்டைம். ஆகவே வீட்டில் யாராவது ஒருவர் மாறாத நேரத்தில் சோறு வைக்கவேண்டும். எங்கள் வீட்டில் அது நான், எனக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும்தான். தனியாக அறையில் இருக்கும் பிள்ளைகள் தயவுசெய்து யோசியுங்கள். பூட்டின அறைக்குள் ஒரு ஜீவனை வைத்துவிட்டு, போனையும் லாக்கரில் போட்டுவிட்டு லைனில் நிற்கும்போது சூப்பர்வைசர் வந்து “இன்னிக்கி டபுள் ஷிஃப்ட் பாருங்க” என்றால் என்ன செய்வீர்கள்?

4

இப்போது ஷூ கதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும்.

செவலைக்கு இவருடைய கம்பெனி பஸ் ஹார்ன் தெரியும். எத்தனையோ பஸ் அந்த வழியில் போகும். எதற்கும் காதைக்கூட அசைக்காது. இவர் பஸ் தெருமுனையில் திரும்பினால் எழுந்து வாசலுக்குப் போய்விடும். இவர் வந்து படியில் உட்கார வேண்டியதுதான், ஷூவை நக்க ஆரம்பிக்கும். முன்பக்கம், ஓரம், லேஸ் என்று ஒரு இடம் விடாது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நக்கும். நக்கி முடிக்கும்வரை இவரும் கழற்ற மாட்டார்.

நான் சத்தம் போடுவேன். “கம்பெனி அழுக்கெல்லாம் வாயில போகுது. கழத்துங்க.”

“கொஞ்சம் இருட்டி. இந்த வீட்டுல நான் வந்துட்டேன்னு சந்தோசப்பட ஒரு சீவன் இருக்குன்னா அது இதுதான். அதையும் கெடுக்காத.”

இதில் கொஞ்சம் குத்தல் இருந்தது. ஹரிணி முன்பெல்லாம் அப்பா வந்தால் பையைத் துழாவுவாள். இப்போது காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கட்டிலில் குப்புறப் படுத்து போனைப் பார்ப்பாள். அப்பா ஏதாவது கேட்டால் “ம்” என்பாள். அவர் நம் ஊர்ப் பேச்சில் இரண்டு வார்த்தை சத்தமாகப் பேசிவிட்டால் “மெதுவாப் பேசுப்பா, பக்கத்து வூட்டுல கேக்கும்” என்பாள். அவள் மனம்விட்டுப் பேசுவது நாயிடம் மட்டும்தான். அதுவும் இங்கிலீஷில். கோகோ, சிட். கோகோ, ஸ்டே. இவருக்கு அது புரிந்தாலும் புரியாததுபோல இருப்பார். பிறகு ஷூவை நாயிடம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அவருக்கு லாரி லைனில் கூலன்ட் நிரப்பும் வேலை. ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சைத் தண்ணீர். என்ஜின் சூடாகாமல் இருக்க. ஹோஸ் பைப்பை மாட்டுவது, நிரப்புவது, கழற்றுவது. கழற்றும்போது நாலு சொட்டு ஷூவில் விழும். நாள் முழுக்க அப்படித்தான். அவர் ஷூவின் முன்பக்கம் எப்போதும் ஒரு பிசுபிசுப்பாக இருக்கும். நான் அதைக் கிரீஸ் என்று நினைத்துக்கொண்டேன், அவர் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

5

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆவணி மாதம். சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் முடித்து இவர் காலையில் வந்தார். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஹோஸ் இணைப்பு நழுவி, கூலன்ட் காலோடு கொட்டிவிட்டதாம். ஷூ, சாக்ஸ் எல்லாம் சொதசொதவென்று இருந்தது. கழுவிவிட்டு வந்தால் பஸ் போய்விடும். கம்பெனி பஸ் யாருக்கும் நிற்காது என்பது இங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஆகவே அப்படியே வந்துவிட்டார். ஷூவையும் சாக்ஸையும் வாசலில் காயப் போட்டுவிட்டு, குளித்துப் படுத்துவிட்டார். நான் கறி வாங்கப் போனேன். ஹரிணி டியூஷனுக்குப் போயிருந்தாள்.

நான் திரும்பி வந்தபோது செவலை வாசலில் நின்றது. என்னைப் பார்த்து வந்தது. இரண்டு அடி எடுத்து வைத்ததும் பின்னங்கால் ஒரு பக்கமாக விலகியது. குடித்தவர் நடப்பதுபோல நடந்து வந்து என் காலடியில் வாந்தி எடுத்தது. பிறகு தண்ணீர்ச் சட்டியில் வாயை வைத்தது, எடுக்கவே இல்லை. குடித்துக்கொண்டே இருந்தது.

கறிப் பையைக் கீழே போட்டுவிட்டு இவரை எழுப்பினேன். அவர் லுங்கியைக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார். அது அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. ஆட்டின வேகத்தில் நிலை தவறி விழுந்தது.

அவர் கண் மாடிப்பக்கம் போனது. முந்தின நாள்தான் கோலத்தில் ஒண்ணுக்குப் போனதற்காகத் தேவகி அக்கா பெரிய ரகளை செய்திருந்தார். பெருச்சாளித் தொல்லை என்று படிக்குக் கீழே மருந்து வைத்திருந்ததும் எங்களுக்குத் தெரியும். நான் தடுப்பதற்குள் இவர் கத்திவிட்டார்.

“வாயில்லா சீவனுக்கு மருந்து வச்சுட்டியளே! பிடிக்கலன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருக்கலாம்லா! நீங்க நல்லா இருப்பியளா?”

வரிசை வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. நாய் போகப்போகிறது, வீடும் போகப்போகிறது, ஊரார் முன்னால் மானமும் போகப்போகிறது என்று எனக்கு வரிசையாகத் தோன்றியது. தேவகி அக்கா கரண்டியும் கையுமாகப் படியிறங்கி வந்தார்.

“யோவ், யார் வூட்டாண்ட வந்து இன்னா பேச்சு பேசுற? நான் மருந்து வெச்சனா? கோலத்த மிதிச்சா திட்டுவேன். அதுக்குன்னு வெஷம் வெப்பனா நானு?” என்று ஆரம்பித்தவர், கீழே கிடந்த செவலையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். குனிந்து அதன் வாயைப் பார்த்தார்.

“காலைலேர்ந்து அது எதையும் துன்னல. உன் ஷூவத்தான் நக்கிகினு கெடந்துச்சி. நான் மாடிலேர்ந்து பாத்துகினு தானே இருந்தேன். ரெண்டு வாட்டி தொரத்துனேன், திரும்பத் திரும்ப வந்து நக்குது. அந்த சாக்ஸ பாரு, சப்பி சப்பித் துப்பி வெச்சிகீது.”

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். வலது கால் ஷூ, கழுவித் துடைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது. சாக்ஸ் முறுக்கிப் பிழிந்ததுபோலப் படியோரம் கிடந்தது.

இவர் அந்த ஷூவைக் கையில் எடுத்தார். “கூலன்ட்டு…” என்றார். “பேச்சி, கூலன்ட்டுட்டி. அது இனிக்குமாம். டிரம்முல எழுதியிருக்கு, புள்ளையளும் பிராணியளும் எட்டாத எடத்துல வைக்கணும்னு. தெனம் பாக்கேன் அதை.” தலையில் அடித்துக்கொண்டார்.

“தலைல அடிச்சிக்கிறது அப்பறம். தூக்கு அத” என்றார் தேவகி அக்கா. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். “டேய், ஆட்டோவ எடுத்துகினு வூட்டாண்ட வா. சவாரி இருந்தா எறக்கி வுட்டுட்டு வா.”

தேவகி அக்காவின் தங்கை மகனுடைய ஷேர் ஆட்டோ அது. டியூஷனிலிருந்து வந்த ஹரிணி புத்தகப் பையோடு ஏறிக்கொண்டாள். ஸ்ரீபெரும்புதூரில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் தனியார் நாய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் லாரி நெரிசல். செவலை இவர் மடியில் கிடந்தது. மூச்சு விடுகிறதா என்று நான் அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் என் உயிர் போய் வந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். என்ன நக்கியது, எப்போது நக்கியது என்று கேட்டார். இவர் சொன்னதும் அவர் கை வேகம் பிடித்தது.

“இது கிட்னியத்தான் போய்த் தாக்கும். நேரமாச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. நிறைய பேர் ஃபுட் பாய்சன்னு நினைச்சு அடுத்த நாள் கொண்டு வருவாங்க. இப்ப என்னன்னு தெரிஞ்சு வந்ததால முயற்சி பண்ணலாம். உறுதியா எதுவும் சொல்ல மாட்டேன்.”

அந்த விஷத்தை முறிக்க ஆல்கஹாலை டிரிப்பில் கலந்து ஏற்ற வேண்டுமாம். ஊரை விட்டு வந்த அன்றே குடியை விட்டவர் என் வீட்டுக்காரர். அவர் என்னைப் பார்த்தார். “நான் விட்டதை அது தொடங்கிட்டு பாத்தியா” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

செவலையை ஸ்டீல் மேஜையில் படுக்க வைத்து முன்னங்காலில் ஊசி ஏற்றியிருந்தார்கள். கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. ஹரிணி அதன் காதோடு குனிந்து ‘கோகோ, கோகோ’ என்று சொல்லிப் பார்த்தாள். அசைவில்லை. புத்தகப் பையைக் கீழே வைத்தாள். பிறகு, “ஏட்டி செவலை. எந்திட்டி. அப்பா வந்துட்டாவ பாரு” என்றாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பயம். அவள் பாட்டுக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

6

செவலை பிழைத்துக்கொண்டது. சில நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. நாங்கள் ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் போய் உட்கார்ந்தோம். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன ஒரு நாள், தேவகி அக்காவே சீரியலை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். இவர் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். “போய்யா அந்தாண்ட. உன் மேல கோவம்லாம் கீது. ஆனா இப்ப சொல்ல மாட்டேன், வாடகை ஏத்துறப்ப சொல்றேன்” என்றார். அது வேடிக்கையா நிஜமா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்கிறவர்கள் இதைப் படியுங்கள். வேலைக்குப் போட்ட ஷூவை நாய் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கூலன்ட் என்று இல்லை, பெயிண்ட், கட்டிங் ஆயில், பேட்டரித் தண்ணீர் என்று எதுவாகவும் இருக்கட்டும். கம்பெனியிலேயே கழற்றி லாக்கரில் வையுங்கள். பைக், கார் வைத்திருக்கிறவர்கள் வண்டிக்கு அடியில் பச்சையாகவோ சிவப்பாகவோ சொட்டியிருந்தால் நாயை அண்ட விடாதீர்கள். நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். நாய் தள்ளாடினால், வாந்தி எடுத்தால், அளவில்லாமல் தண்ணீர் குடித்தால் காத்திருக்காதீர்கள். யார் மருந்து வைத்தது என்று சண்டை போடும் நேரத்தில் வண்டியைப் பிடியுங்கள்.

இவர் இப்போது கம்பெனியிலேயே ஷூவைக் கழற்றி, சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, வெறும் செருப்போடு வருகிறார். அங்கே இவரைக் கேலி செய்கிறார்களாம். பொண்ணு பார்க்கப் போகிறாயா என்று கேட்கிறார்களாம். அதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரை வாட்டியது வேறு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு செவலை அவரிடம் ஒட்டவில்லை.

ஹார்ன் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போகும், அதில் மாற்றமில்லை. அவர் வந்து உட்காருவார். அது அவர் காலை மோந்து பார்க்கும். ஷூ இருந்த இடத்தை மோந்து பார்க்கும். பிறகு பின்கட்டுக்குப் போய்ப் படுத்துவிடும். தினமும் இதே கதை. முதல் வாரம் அவர் “உடம்பு அசதியா இருக்கும்” என்றார். இரண்டாவது வாரம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, “அப்பம் அது இனிப்புக்குத்தான் வந்திருக்கு, என்னட்டி?” என்று கேட்டார்.

நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வாசலில் நம்மைச் சுற்றி வருகிறவர்கள் நம்மைப் பார்க்கிறார்களா, பையைப் பார்க்கிறார்களா என்று எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. பையில்லாமல் ஒருமுறை போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. இவரோ இப்போது தினமும் வெறும் காலோடு வந்து நிற்கிறார். அது போதாதென்று, நாயின் மனசில் அவர்தான் விஷம் என்று பதிந்துவிட்டதோ என்று ஒரு புதுப் பயம் எனக்கு வந்துவிட்டது. டாக்டருக்கு போன் செய்து கேட்டேன். “அதெல்லாம் இருக்காதும்மா, பொறுங்க” என்றார். பொறுமை என்னும் மருந்தை யார் எழுதிக் கொடுத்தாலும் எனக்கு ஒத்துக்கொண்டதில்லை.

நேற்று ஆயுத பூஜை. கம்பெனியில் பூஜை முடித்து இவர் மதியமே வந்துவிட்டார். கையில் பொரிப் பொட்டலம். நெற்றியில் சந்தனம். படியில் உட்கார்ந்தார். செவலை வந்தது. அவர் கூப்பிடவில்லை, கையும் நீட்டவில்லை. இவ்வளவு நாள் கூப்பிட்டு அலுத்தவர் அல்லவா, தெருவைப் பார்த்தபடி பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

அது அவர் இடது காலை மோந்தது. வலது காலை மோந்தது. விரலுக்கு நடுவில் மூக்கை நுழைத்துப் பார்த்தது. சோப்பு வாசனையைத் தவிர அங்கே என்ன இருக்கப்போகிறது? தலையைத் தூக்கி, முன்பு ஷூ வைக்கும் மூலையை ஒரு முறை பார்த்தது. சரி, பின்கட்டுக்குப் போகப்போகிறது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“பேச்சி” என்று அவர் மெல்லக் கூப்பிட்டார். எட்டிப் பார்த்தேன். செவலை ஒரு சுற்றுச் சுற்றி, அவர் பாதத்தின் மேலேயே முதுகை வைத்துப் படுத்துவிட்டிருந்தது.

“நக்கலட்டி” என்றார், குரலை உயர்த்தாமல். “ஆனா போகவும் இல்ல, பாத்தியா?”

உள்ளேயிருந்து வந்த ஹரிணி வாசலில் நின்று பார்த்தாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். இலை போட்டு வைத்திருந்தேன். எழுந்து வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோறும் குழம்பும் தட்டில் போட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். தேவகி அக்கா மாடியில் சீரியலின் சத்தத்தைக் குறைத்ததுபோல இருந்தது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

கை கழுவத் தண்ணீர் கொண்டுபோனபோதும் அது எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போய்விட்டது என்றார். ஆனால் காலை எடுக்கவில்லை.